பழுக்கக் காய்ச்சிய நிறம்

எட்டு லட்சம். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் அமெரிக்கர் ஒருவரிடம் இந்த எண்ணை மட்டும் சொன்னால் போதும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்குப் புரிந்துவிடும். 1903ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், அவர் கண் முதலில் போவது மரக்கட்டையின் வழவழப்புக்கோ குழலின் பளபளப்புக்கோ அல்ல. குழல் வந்து சேரும் இடத்தில், இரும்பு வளையத்தின் மேல்புறம் பொறித்திருக்கும் வரிசை எண்ணைத்தான் தேடுவார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் பிறந்த துப்பாக்கியாக இருந்து, எண் எட்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் அதைச் சுடமாட்டார். துடைத்து, எண்ணெய் பூசி, சுவரில் மாட்டுவார்.

எட்டு லட்சத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு துப்பாக்கிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எடையில் இல்லை, அளவில் இல்லை, நிறத்தில் இல்லை. வித்தியாசம் எஃகுக்குள்ளே, கண்ணுக்கு எட்டாத பரல்களில் இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை. ஆனால் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ள, வெளியே தெரியும் மாற்றங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

1898இல் கியூபாவில் ஸ்பானியப் படைகளோடு மோதிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்: எதிரியின் கையிலிருந்த ஜெர்மானிய மவுசர் துப்பாக்கி, தங்கள் துப்பாக்கியைவிட மேலானது. ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளலாம். அமெரிக்கர்களிடம் இருந்த கிராக் துப்பாக்கியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதனால் மவுசரின் அமைப்பைத் தழுவி ஒரு புதிய துப்பாக்கியை வடிவமைத்தார்கள். 1903 ஜூனில் அது ராணுவத்தால் ஏற்கப்பட்டது. காப்புரிமைக்காக மவுசர் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு இரண்டு லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டிலும், இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டு ஆயுதசாலையிலும் உற்பத்தி தொடங்கியது.

முதலில் வந்த துப்பாக்கிகளை இன்று பார்த்தால், அதே மாதிரிதானா என்று ஐயம் வரும். குழலுக்கு அடியில், மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அதை முன்னே இழுத்து நிறுத்தினால் பயனெட். தனியாகக் கத்தியும் உறையும் சுமக்க வேண்டாம் என்று போட்ட கணக்கு அது. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கியூபாவில் தானே போரிட்டவர். கம்பி பயனெட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 1905 ஜனவரி 4 அன்று போர்த்துறைச் செயலர் வில்லியம் டாஃப்ட்டுக்குக் கடிதம் எழுதினார். எதிரே வரும் துப்பாக்கியில் மோதினாலே முறிந்துபோகும் இது, தான் பார்த்ததிலேயே மோசமான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது அதன் சாரம். உற்பத்தி நின்றது. 16 அங்குலக் கத்தி பயனெட் வந்தது. அதை மாட்டும் வகையில் முன்பக்க உலோக வளையமும் மரமும் மாறின. பின்பக்கக் குறிபார்ப்பானும் புதிதாக வந்தது.

இந்த வேலை முடிவதற்குள் இன்னொரு மாற்றம் வந்துவிட்டது. 1903இன் தோட்டாவில் இருந்த குண்டு, மழுங்கிய மூக்கும் 14 கிராமுக்குச் சற்று மேலான எடையும் உடையது. குழலைவிட்டு நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஜெர்மானியர்கள் கூர்மூக்குள்ள இலகுவான குண்டுக்கு மாறினார்கள். காற்று அதை அவ்வளவாகத் தடுக்கவில்லை, பாதையும் தட்டையாக இருந்தது. 1906இல் அமெரிக்காவும் அதையே செய்தது: எடை 10 கிராமுக்குள், வேகம் நொடிக்கு 820 மீட்டருக்கு மேல். புதிய தோட்டாவின் பித்தளைக் கழுத்து பழையதைவிட ஓர் அங்குலத்தில் நூறில் ஏழு பங்கு குட்டை. அந்தச் சிறு வேறுபாட்டுக்காக, ஏற்கெனவே செய்த குழல்களைக் கழற்றி, பின்முனையில் ஐந்தில் ஒரு பங்கு அங்குலத்தை வெட்டி, மறுபடி மரை போட்டு, தோட்டா உட்காரும் அறையைப் புதிதாகக் கடைந்தார்கள். குண்டு பறக்கும் பாதை மாறியதால் குறிபார்ப்பானின் தூர அளவுக் கோடுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. புதிய குறிபார்ப்பானில் கடைசிக் கோடு 2,850 கஜம்.

கம்பி பயனெட்டும் பழைய அறையும் தொடாமல் தப்பிய துப்பாக்கிகள் மிகச் சில. அபூர்வம் என்பதால் விலை அதிகம், விலை அதிகம் என்பதால் போலியும் உண்டு. பிற்காலத் துப்பாக்கி ஒன்றில் பழைய உறுப்புகளைப் பூட்டி, முதல் பிறப்பு என்று விற்பது எளிது. அங்கேதான் அடையாளம் காணும் கலை உண்மையில் தொடங்குகிறது.

சேகரிப்பாளர் முதலில் முன் குறிபார்ப்பானுக்குச் சற்றுப் பின்னே குழலைப் பார்ப்பார். அங்கே ஆயுதசாலையின் முதலெழுத்துகள், ஒரு வெடிகுண்டு முத்திரை, குழல் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பிறகு மரம். ஆரம்பக் கட்டைகளில் விரல் பதிய நீளவாக்கில் குடைந்த பள்ளம் இல்லை; அது 1910ஐ ஒட்டி வந்தது. சுடும்போது ஏற்படும் பின்னுதையால் மரம் பிளக்காமலிருக்கக் குறுக்கே செருகும் இரும்பு ஆணி முதலில் இல்லை. பிறகு ஒன்று வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டாவதும் சேர்ந்தது. தோளில் பதியும் இரும்புத் தகடு ஆரம்பத்தில் வழுவழுப்பாக இருந்தது, பின்னர் கட்டம் கட்டமாகக் கீறப்பட்டது. நீலம் ஏற்றிய மினுமினுப்பு 1918இல் மங்கலான சாம்பல் பாஸ்பேட் பூச்சுக்கு இடம் கொடுத்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி முதலில் நேராகக் கீழே வளைந்தது. பிறகு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்தது.

இவை ஒவ்வொன்றும் ஒரு தேதி. ஆனால் எல்லாத் தேதிகளும் ஒரே ஆண்டைச் சொல்வது அபூர்வம். ராணுவத் துப்பாக்கி பல கை மாறி உழைக்கும் பொருள். தேய்ந்த குழலைக் கழற்றிப் புதியது போடுவார்கள். பழுதுபார்க்கும் கூடத்தில் நூறு துப்பாக்கிகளைப் பிரித்து, போல்ட்டுகளை ஒரு தொட்டியிலும் கட்டைகளை இன்னொன்றிலும் குவித்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டுவார்கள். அதனால் 1909இன் உடலும் 1918இன் குழலும் அதற்கும் பிந்திய கட்டையும் சேர்ந்த துப்பாக்கி பொய்யல்ல. அதுதான் அதன் உண்மையான வாழ்க்கை. எல்லாமே 1905 என்று அடித்துச் சொல்லும் துப்பாக்கிதான் எனக்குச் சந்தேகத்தைத் தரும், அதிலும் திருகாணிகளின் தலை கீறலில்லாமல் இருந்தால்.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் வடிவம் பெரிதாக மாறாத உறுப்பு ரிசீவர். குழல் திருகிச் சேருவதும், போல்ட் முன்னும் பின்னும் ஓடுவதும், போல்ட்டின் இரண்டு காதுகள் சென்று பூட்டிக்கொள்வதும் இதற்குள்தான். தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு அழுத்தம் எழும்புகிறது. சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னே அதைத் தாங்கி நிற்பது இந்த எஃகுத் துண்டு. வரிசை எண்ணை இதன் மேல் பொறித்ததற்குக் காரணம், துப்பாக்கி என்றாலே இதுதான் என்பதே.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. அமைதிக் காலத்தில் சிறு ராணுவம், அனுபவமுள்ள ஆயுதசாலைகள் செய்த தோட்டா, பொறுமையான பயிற்சி. இப்போது திடீரென்று லட்சக்கணக்கில் புதியவர்கள், புதிய தோட்டா உற்பத்தியாளர்கள். அந்தக் கோடையில் சில ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் சுடும்போதே வெடித்தன. குழல் பிளக்கவில்லை, ரிசீவர் கண்ணாடிக் குடுவைபோலச் சில்லுச் சில்லாகச் சிதறியது. நல்ல எஃகு அப்படி உடையாது. அளவு மீறிய சுமை வந்தால் வளையும், உப்பும், கிழியும். சிதறல் என்பது வேறு நோயின் அறிகுறி.

உடைந்த துண்டுகளை ஆராய்ந்தபோது முறிவு முகத்தில் பருமனான பரல்கள் மின்னின. எஃகு சூடு மிஞ்சிப் போனதன் கையெழுத்து அது. விசாரணை பட்டறைக்குப் போனது. ரிசீவரை எஃகுத் துண்டைக் காய்ச்சிச் சம்மட்டி இயந்திரத்தில் அடித்து உருவாக்குவார்கள். எவ்வளவு காய வேண்டும் என்பதை முடிவு செய்தது எந்தக் கருவியும் அல்ல. உலையின் முன்னே நின்ற அனுபவசாலியின் கண்.

இதைக் கேட்டு அந்தத் தொழிலாளியைக் குறைசொல்லத் தோன்றினால் அது நியாயமில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர் வெப்பமானியைத் தேடுவதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் சொல்கிறார், தப்பாமல் சொல்கிறார். உலகெங்கும் கொல்லர்கள் பல நூற்றாண்டுகளாக இரும்பின் பதத்தை நிறத்தால் அறிந்தவர்கள்தான். அதில் அறிவியலும் உண்டு. எந்தத் திடப்பொருளும் ஏறக்குறைய 525 பாகை செல்சியஸில் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிவிடத் தொடங்கும். ஜான் வில்லியம் டிரேப்பர் 1847இல் இதை வெளியிட்டார். மேலும் காய்ந்தால் செர்ரிப் பழச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பிறகு வெள்ளை. நிறமும் வெப்பமும் இயற்கையின் விதியால் கட்டுண்டவை.

விதி பொய்க்கவில்லை. பொய்த்தது அதைப் பார்த்த வெளிச்சம். விளக்கின் சுடரை நள்ளிரவில் பார்த்தால் கண் கூசுகிறது. நண்பகலில் அது எரிகிறதா என்றே தெரிவதில்லை. கண் ஒளியை அளப்பதில்லை, சூழலோடு ஒப்பிடுகிறது. ஜன்னல் வழியே வெயில் கொட்டும் நாளில் காய்ந்த இரும்பு மங்கலாகத் தெரிகிறது. இன்னும் காயவில்லை என்று கொல்லர் உலையில் விட்டுவைக்கிறார். மேகம் மூடிய நாளில் அதே இரும்பு பளிச்சென்று தெரியும், சரியான நேரத்தில் எடுத்துவிடுகிறார். ஒரே மனிதர், ஒரே கண், ஒரே நேர்மை. ஆனால் வெயில் நாளில் எடுத்த இரும்பு, மழைக்கோலத்து நாளில் எடுத்ததைவிட 300 பாகை ஃபாரன்ஹீட் வரை அதிகம் காய்ந்திருக்கலாம் என்று கண்டார்கள். செல்சியஸில் அது 160க்கும் மேல்.

ஆகவே ஒவ்வொரு பழைய ரிசீவருக்குள்ளும் அது பிறந்த நாளின் வானம் பதிவாகியிருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எந்த முத்திரையும் அந்த வானத்தைச் சொல்லாது. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று ஆயுள் முழுக்க உழைக்கும், மற்றொன்று ஒரு நாள் சிதறும்.

வெப்பத்தை அளக்கும் கருவி அப்போது இல்லாமலில்லை. இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் சூடேற்றினால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைத் தாமஸ் சீபெக் 1821இலேயே கவனித்திருந்தார். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி ல ஷாத்தலியே 1880களில் பிளாட்டினத்தையும் பிளாட்டினம்-ரோடியம் கலவையையும் இணைத்து, உலைக்குள் வைக்கத்தக்க உறுதியான வெப்பமானியாக அதை ஆக்கினார். அது பட்டறையின் வாசலைத் தாண்ட 30 ஆண்டுகள் ஆயின. விபத்துகளுக்குப் பிறகு உடனே பொருத்தினார்கள்.

மிகைச்சூடு எஃகை என்ன செய்கிறது? எஃகு ஒரே கட்டியல்ல, நெருக்கமாக அடுக்கிய நுண்ணிய பரல்களின் தொகுப்பு. ஒரு வெப்பத்தைத் தாண்டியதும் இரும்பணுக்கள் தங்கள் அடுக்கு முறையையே மாற்றிக்கொண்டு புதிய, சிறிய பரல்களாகப் பிறக்கும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டால் பரல் சிறிதாகவே இருக்கும். விட்டுவைத்தால் பெரிய பரல்கள் சிறியவற்றை விழுங்கி வளரும். பரல்கள் பொடியாக இருந்தால் ஒரு விரிசல் ஒவ்வொரு எல்லையிலும் திரும்பித் திரும்பிப் போக வேண்டும், வழியில் வலு இழக்கும். பருமனாக இருந்தால் நேர்ப்பாதை கிடைத்துவிடும். இன்னும் அதிகம் காய்ந்து உருகுநிலையை நெருங்கினால் பரல்களின் எல்லைகளே உருகி, காற்றின் ஆக்சிஜன் உள்ளே புகுந்துவிடும். இதைத்தான் எரிந்த எஃகு என்கிறார்கள். தீய்ந்துபோன பாகை மறுபடி பதத்துக்குக் கொண்டுவர முடியாததுபோல, எரிந்த எஃகையும் எந்த வைத்தியத்தாலும் மீட்க முடியாது.

இதற்கு மேல் இன்னொரு பலவீனமும் சேர்ந்தது. ரிசீவரின் மேற்பரப்பு தேயாமலிருக்க, கரி குறைந்த எஃகை எலும்புக் கரியில் புதைத்து, 815 பாகை செல்சியஸில் நான்கு மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் எண்ணெயில் தோய்த்தார்கள். கரி எஃகின் தோலுக்குள் ஊறி, தோய்த்ததும் கண்ணாடிபோல இறுகும். தோல் கடினமாகவும் உள்சதை இளக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஒரே சூட்டோடு வேலை முடிந்ததால் உள்சதையும் விறைப்பாகவே நின்றது, அதைத் தளர்த்தும் அடுத்த படி இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கமான அழுத்தத்தைவிட மிக அதிகமாக, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு தரும் தோட்டாவால் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்பினார்கள். பலவீனமானவை அங்கேயே உடைந்திருக்க வேண்டாமா? உடையவில்லை, ஏனென்றால் அந்தச் சோதனை தேடிய வகையில் அவை பலவீனமானவை அல்ல. கடினமான எஃகு ஒழுங்காக ஏறும் சுமையை நன்றாகவே தாங்கும். தாங்காதது திடீர் அடியை. சோதனைத் தோட்டாவின் பித்தளை உறுதியானது, வாயு அதற்குள் அடைபட்டே இருந்தது. போர்க்கால அவசரத்தில் செய்த சில தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம் மென்மையாக இருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டின் குழல் பின்முனை புனல்போல விரிந்திருப்பதால் தோட்டாவின் அடிப்பாகத்தில் ஒரு சிறு பகுதிக்குப் பக்கத்துணை கிடையாது. மென்மையான பித்தளை அங்கே கிழிந்தால் வாயு முழு வேகத்தோடு ரிசீவருக்குள் பாயும். அது சம்மட்டி அடி. இளக்கமான எஃகாக இருந்தால் உப்பி, சுடுபவரைப் பயமுறுத்திவிட்டு நின்றுவிடும். விறைத்த எஃகு சிதறும். வலிமை வேறு, அடி தாங்கும் திறன் வேறு என்று இன்று பொறியியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கிறார்கள். ஆயுதசாலையின் சோதனை முதலாவதை மட்டுமே அளந்தது.

1918 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு முறையை மாற்றியது. கரியூட்டும் நேரம் இரண்டரை மணியாகக் குறைந்தது. எண்ணெயில் தோய்த்தபின் உருகிய உப்புத் தொட்டியில் 705 பாகைக்கு மறுபடி ஏற்றி, மீண்டும் தோய்த்து, கடைசியாக 175 பாகையையொட்டி ஒரு மணி நேரம் வைத்து விறைப்பைத் தளர்த்தினார்கள். தோல் பழையபடி கடினம், உள்ளே இளக்கம். இரட்டைச் சூட்டு ரிசீவர்களின் போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடும் என்று பழகியவர்கள் இன்றும் சிலாகிப்பார்கள்.

எந்த எண்ணிலிருந்து புதிய முறை என்பதைத் துல்லியமாகக் கோடு கிழிக்க முடியவில்லை. ஏழரை லட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் இடையில் எங்கோ தொடங்கியது. எட்டு லட்சத்தை எட்டும்போது எல்லாமே புதிய முறை என்பது உறுதி. ஆகவே எல்லை அங்கே நின்றது. ராக் ஐலண்டில் 1918 மேயில், 2,85,507 என்ற எண்ணில். அந்த ஆண்டே ராக் ஐலண்டு நிக்கல் கலந்த எஃகையும் பயன்படுத்தத் தொடங்கியது. ஸ்பிரிங்ஃபீல்டு நிக்கல் எஃகுக்கு மாறியது 1920களின் கடைசியில், 12,75,767இலிருந்து.

அப்படியானால் ஏற்கெனவே செய்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை என்ன செய்வது? பழைய ரிசீவர்களைப் புதிய முறையில் மறுபடி காய்ச்சிப் பார்த்தார்கள். பரல் பருத்தவை திருந்தலாம், எரிந்தவை திருந்தாது. எது எது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. பின்னாளில் மேஜர் ஜெனரலான ஜூலியன் ஹாட்சர் இந்த விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தார். இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி, 1947இல் வெளியான அவருடைய குறிப்பேட்டு நூலிலிருந்து வந்தது. 1928 வாக்கில் ராணுவம் முடிவெடுத்தது: பழுதுக்கு வரும் குறைந்த எண் துப்பாக்கிகளின் ரிசீவரை அழித்துவிடு, மற்றவை அவசரத்துக்கு இருப்பில் கிடக்கட்டும்.

கடற்படை வீரர் பிரிவான மரைன்களிடம் அந்த வசதி இல்லை. கையிலிருந்த துப்பாக்கிகள் கொஞ்சம், வாங்கப் பணம் அதைவிடக் கொஞ்சம். அவர்கள் குறைந்த எண்களைக் கழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். 1942 ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் இறங்கிய மரைன்களின் கையில் இருந்தது 1903 ஸ்பிரிங்ஃபீல்டு. அவற்றில் குறைந்த எண்களும் உண்டு.

அவற்றில் சிலவற்றில் சேகரிப்பாளர் தேடும் கடைசி அடையாளம் இருக்கிறது. பித்தளை கிழிந்தால் வாயு வெளியேற ரிசீவர் வளையத்தின் வலப்பக்கத்தில் முதலிலிருந்தே ஒரு சிறு துளை உண்டு. 1936இல் ஹாட்சர் பெயரால் அழைக்கப்படும் இன்னொரு துளை இடப்பக்கத்தில் சேர்ந்தது. 1936க்குப் பிந்திய துளை, 1918க்கு முந்திய எண்ணில் இருக்கக் காரணமே இல்லை. இருந்தால், பெரும்பாலும் ஒரு மரைன் பட்டறையில், இந்த எஃகை நம்ப முடியாது என்று தெரிந்த ஒருவர், அதைத் தூக்கி எறியும் நிலையில் இல்லாமல், சுடப்போகிறவனின் முகத்தை நினைத்துத் துளைத்தது. துளையின் விளிம்பில் விரலை வைத்தால் துரப்பணம் போன தடம் இன்றும் தட்டுப்படும்.